தர்பார் மண்டபத்துக் கறை

ஏரியூர்ப் பக்கம் எங்கள் ஊர் அரண்மனையை ஹெரிடேஜ் ஓட்டல் ஆக்கினார்கள். வரலாறு எம்.ஏ. படித்துவிட்டு வூட்டில் சும்மா இருந்த எனக்கு, வருகிறவர்களுக்குக் கதை சொல்லும் வேலை கிடைத்தது. அரண்மனை என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். ஜமீன் குடும்பம் காலி செய்துபோன பிறகு அது புளி மண்டி. என் அம்மா பல வருஷம் அங்கே உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்தவள்.

ஓட்டல்காரர்கள் கைவைத்ததும் குதிரை லாயம் ஸ்பா ஆனது. மாடு தண்ணீர் குடித்த கல்தொட்டி மகாராணி குளித்த தொட்டி ஆனது. தர்பார் மண்டபத் தரையில் இருந்த கருஞ்சிவப்புக் கறை மட்டும் எந்த ஆசிட்டுக்கும் மசியவில்லை.

"எதிரி ராஜாவோட ரத்தம்னு சொல்லிடுங்க சார்" என்றார் மேனேஜர்.

சொன்னேன். மூன்று மாதம் விருந்தினர்கள் வரவேற்பறை நோட்டில் என்னைப் பற்றி நல்லபடியாக எழுதிவிட்டுப் போனால்தான் வேலை நிரந்தரம். வாரத்துக்கு வாரம் எதிரி ராஜாவை வளர்த்தேன். மீசை வைத்தேன், யானை கொடுத்தேன். அவரும் சளைக்காமல் தினம் இரண்டு வேளை செத்தார்.

மூன்றாம் மாதக் கடைசியில், மண்டபத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். கூட்டிப்போனேன். பெங்களூர்க் குடும்பம் ஒன்று கறையைச் சுற்றி நின்றது. நான் ஆங்கிலத்தில் வாளை ஓங்கும் நேரம், அம்மா அந்தக் குடும்பத்துப் பெண்ணிடம் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குக் கன்னடம் வரும். வரலாறு படித்த எனக்கு அது ஞாபகம் வரவில்லை. இது ரத்தம் இல்லை, புளி, நான் தட்டிய புளி என்று குனிந்து தரையைத் தொட்டுக் காட்டினாள்.

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் ஓடிவந்தார். பாவம், ஊர்க்கார அம்மா, புத்தி சரியில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "அப்படித்தானே?" என்று என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அந்தப் பெண் அம்மாவின் கையைப் பரிவோடு தட்டிக் கொடுத்தாள். போகும்போது நோட்டில் என்னைப் புகழ்ந்து அரைப் பக்கம் எழுதினாள். சாயங்காலமே வேலையை நிரந்தரம் செய்துவிட்டார்கள்.

வூட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

"நா ரெண்டு வார்த்த எடுத்துச் சொன்னது நல்லதாப் போச்சு பாத்தியா கண்ணு" என்றாள்.