நாலு காலும் தரையில்

பீங்கான் தொழிலில் இருப்பவனுக்கு, யாராவது ஓடி வருவதைக் கண்டாலே கை தானாகச் சரக்கை மறைத்துக்கொள்ளும். விருத்தாசலத்தில் ஒரு சின்ன பொம்மைக் கம்பெனியில் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. மகள் பெங்களூரில். கம்பெனிக்குப் பின்னால் உள்ள அறையில் நானும் பட்டாணி என்ற நாயும்தான். என்னைக் கண்டால் துள்ளிக் குதிக்கும் ஒரே ஜீவன் அது. கஷ்டம் என்னவென்றால், அது எல்லோரையும் கண்டு குதித்தது. நாய் வளர்க்கும் சக பாவிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைச் சட்டை

வேப்பூர்க் கடைக்காரர் ஒருவர் பிள்ளையார் பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாணி அன்போடு அவர் நெஞ்சில் இரண்டு காலையும் வைத்தது. பிள்ளையார் தரையில் சுக்கல் சுக்கலானார். சட்டையில் இரண்டு களிமண் பாதங்கள். சரக்கு எடுக்காமலே போய்விட்டார். முதலாளி சத்தம் போடாமல் மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு மாசம் பாக்கறேங்க. அதுக்குள்ள திருந்தலன்னா வண்டியில ஏத்தி நல்லூர் பக்கம் வுட்டுட்டு வந்துடுவேன்."

டாக்டர் சொன்ன வழி

கால்நடை டாக்டரிடம் ஓடினேன். குதித்தால் திட்டக் கூடாது, தொடக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது. முதுகைக் காட்டித் திரும்பிவிட வேண்டும். நாலு காலும் தரையில் பட்ட பிறகுதான் தடவிக் கொடுக்க வேண்டும் என்றார். கம்பெனியில் எல்லோரையும் நிற்கவைத்து இதைப் பாடமாக நடத்தினேன்.

சுடாத பொம்மைகளை நீளப் பலகையில் அடுக்கி, தோளில் வைத்துச் சூளைக்குக் கொண்டுபோவது செல்வியின் வேலை. மறுநாள் பட்டாணி அவளை நோக்கி ஓடியது. நான் சொன்னபடியே சட்டென்று திரும்பினாள். தோளில் இருந்த பலகையும் கூடவே திரும்பி, காயவைத்திருந்த ஒரு வரிசையை வழித்துத் தள்ளியது. நாய் அவளைத் தொடக்கூட இல்லை. கால் இடறிவிட்டது என்று முதலாளியிடம் சமாளித்தவள், அவர் போனதும் என்னிடம் வந்தாள்.

"நாயி ஒடைச்சது ஒண்ணுண்ணே. நீங்க சொல்லிக் குடுத்து நான் ஒடைச்சது முப்பது."

அன்றிலிருந்து, பலகை சுமப்பவர்களுக்கு அசையாமல் நிற்பது மட்டும் போதும் என்று பாடத்தைத் திருத்தினேன்.

கள்ள வாத்தியார்

உண்மையில் தேறாதவன் நான்தான். மதியம் மெஸ்ஸில் சாப்பிட்டுத் திரும்பினால் அது பாய்ந்து வரும். நான் சுவரைப் பார்த்து நிற்பேன். பின்னால் அது முனகும். வாரக்கணக்கில் என்னை வேறு யாரும் தொட்டதில்லை. தொட வரும் ஒரே ஜீவனுக்கும் முதுகைக் காட்டுவது எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் யாரும் இல்லையென்று நினைத்துத் திரும்பி, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வாசலில் செல்வி.

"எங்கள மட்டும் சாமி செல மாதிரி நிக்கச் சொல்லிட்டு, நீங்க கட்டிப் புடிச்சிக்கினு இருந்தா அது எப்புடிண்ணே கத்துக்கும்?"

தேர்வு

அதன் பிறகு நானும் ஏமாற்றாமல் சுவரைப் பார்த்தே நின்றேன். மாதக் கடைசியில் முதலாளியே கையில் ஒரு யானை பொம்மையோடு வந்தார். பட்டாணி ஓடி வந்து, ஓரடி தள்ளி நின்றது. நாலு காலும் தரையில். "இருந்துட்டுப் போவட்டும்" என்றார். அன்று அதற்கு இரண்டு முட்டை.

அடுத்த வாரம் மகள் வீட்டுக்குப் போய் நான்கு நாள் இருந்தேன். அங்கே அவரவர் வேலை அவரவருக்கு. பேச ஆளில்லாமல் அங்கேயும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திரும்பி வந்து கேட்டைத் திறந்ததும் பட்டாணி பறந்து வந்தது. ஓரடி தள்ளி நின்றுவிட்டது. "வாடா" என்றேன். நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். அது சமத்தாக உட்கார்ந்து என்னையே பார்த்தது. பையை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் தட்டினேன். பலகையோடு போன செல்வி நின்று பார்த்தாள்.

"அது பாஸாயிடுச்சிண்ணே. இனிமே நீங்கதான் குனியணும்."

நாயை விடாமல் வைத்துக்கொள்ள ஒரு மாதம் பாடுபட்டதில் எனக்கு மிச்சம், கேட்டருகே தினமும் ஒரு தடவை மண்டி போட்டு, முழங்கால் வலியோடு எழுந்திருப்பதுதான்.