வேனுக்குப் பின்னால் ஒரு மொபெட்

முதல் நாள் வேனில் இருந்தவர்கள் என் அப்பா, நான், பதினெட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பட்டியலில் இருந்ததோ பத்தொன்பது பேர். இல்லாதவள் எல்.கே.ஜி. படிக்கும் ஒரு சின்னப் பெண். வரவில்லை என்றும் சொல்ல முடியாது. கீழப்பழுவூர் கோயில் நிறுத்தத்தில், தன் தாத்தாவின் மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்து, "வா பாப்பா" என்றேன்.

"நீங்க போங்க" என்றார் தாத்தா.

போனோம். மொபெட்டும் பின்னாலேயே பள்ளிக்கூடம்வரை வந்தது.

அம்மாவும் அன்று இல்லை. சோளக்காட்டில் களை வெட்டப் போயிருந்தாள். வேன் சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

அப்பா இருபத்தாறு வருஷம் டிப்பர் லாரி ஓட்டியவர். சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு வந்து சிமெண்ட் ஆலையில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். கூலி நடைக்கு இவ்வளவு என்று கணக்கு. சாப்பாடு, தூக்கம், கல்யாணம், கருமாதி எல்லாம் இரண்டு நடைக்கு நடுவில்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்து, பி.காம். வரைக்கும் வந்தவன் நான். அந்தப் படிப்பு முழுக்க அந்த நடைகளில் வந்ததுதான்.

நாற்பத்தொன்பதாவது வயதில் அப்பாவின் முதுகு ஒத்துழைக்க மறுத்தது. பெரம்பலூர் எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி லாரி ஓட்டக்கூடாது என்றார். "எனக்கு வேற என்ன சார் தெரியும்?" என்று அப்பா அவரிடமே கேட்டார். அவர் பேனாவை மூடி வைத்தார். பஸ்ஸில் திரும்பும்போது அம்மாதான் சொன்னாள்:

"ஓட்டத் தெரியும்ல. பெருசு வாணாம்னா சின்னதா ஒண்ண ஓட்டுங்க."

அரியலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேன் டிரைவர் வேலை கிடைத்தது. தாளாளர் அம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "டிப்பர் ஓட்டுனவருன்னா பேரன்ட்ஸ் பயப்படுவாங்க. ஒரு மாசம் பாப்போம். மாசக் கடைசியில லிஸ்ட்ல இருக்குற பத்தொம்போது புள்ளைங்களும் வேன்ல இருக்கணும். ஒரு வூட்ல புள்ளைய அனுப்பாம நிறுத்துனா, அதப் பாத்து அடுத்த வூட்லயும் நிறுத்துவாங்க. அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாதுங்க."

வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா தன் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்ததால், அந்த ஒரு மாதம் அந்த வேலைக்கு நான் போனேன். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவனுக்குப் புத்தகத்தை மூட ஒரு காரணம் கிடைத்தது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பயப்படுபவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் எதிரே டிப்பர் வந்தால், மொபெட்டில் போகிறவர்கள் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கி, அது போகும்வரை நிற்பார்கள். அவ்வளவு நாளும் அவர்களை மண்ணில் இறக்கிவிட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

இரண்டாம் நாள் அவர் அந்தப் பழைய பழக்கத்தைக் காட்டிவிட்டார். எட்டேகாலுக்குப் போகவேண்டிய வேன் ஏழே முக்காலுக்கே பள்ளிக்கூட வாசலில் நின்றது. கேட் பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேன் வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு வந்தார்.

"என்னண்ணே, புள்ளைங்கள கொட்டிட்டு அடுத்த லோடுக்குப் போவணுமா?"

அப்பா சிரிக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மொபெட் மூச்சிரைக்க வந்து நின்றது. தாத்தா எங்கள் பக்கம் திரும்பாமல், ஆபீஸ் திறக்கும்வரை காத்திருந்து, உள்ளே போய்ப் பேசிவிட்டுப் போனார். என்ன பேசியிருப்பார் என்று வாட்ச்மேன் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு வெளியே இருக்கிற வளைவில் ஒரு டிப்பர் அவரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு நிற்காமல் போய்விட்டது. முழங்கால் அன்றைக்குப் போனதுதான்.

அன்று இரவு சாப்பிடும்போது அம்மா கேட்டாள். "நடைக்கா சம்பளம்? மாசத்துக்குத்தான? அப்புறம் யாரு தொரத்துறா ஒங்கள?"

"கால் கேக்க மாட்டேங்குது" என்றார் அப்பா.

அடுத்த நாள் முதல் அவர் ஒன்று செய்தார். என்னிடம் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். வலப்பக்கக் கண்ணாடியைத் திருப்பிவைத்து, அந்த மொபெட் எப்போதும் அதில் தெரிகிற மாதிரியே ஓட்டினார். மொபெட் மெதுவாக வந்தால் வேனும் மெதுவாகப் போனது. ஆடு குறுக்கே வந்து மொபெட் நின்றால், வேனும் ஓரமாக நின்றது. பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டாகப் போயிற்று. "டிரைவர் அங்கிள், தாத்தா வந்துட்டாரு, எடுங்க" என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும். சாயங்காலமும் அப்படியே. அந்தச் சின்னப்பெண் மொபெட்டில் நின்றபடி வேனுக்குள் இருக்கும் சிநேகிதிகளுக்குக் கை காட்டிக்கொண்டே வருவாள். அவளுக்கு வேனில்தான் ஆசை. முகத்தைப் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது வாரம், வேறொரு நிறுத்தத்தில் ஒரு அம்மா தன் மகனை ஏற்றிவிடும்போது என்னிடம் மெல்லக் கேட்டார்: "அந்தப் பெரியவரு ஏன் தம்பி இன்னும் அனுப்ப மாட்டேங்கறாரு? நீங்க எதுனா மறைக்கிறீங்களா?" நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். மாதம் முடிய எட்டு நாள் இருந்தது.

மறுநாள் காலையில் கண்ணாடியில் மொபெட் காணாமல் போனது. அப்பா வண்டியை நிறுத்தினார். இரண்டு நிமிடம் பார்த்தோம். வரவில்லை. "புள்ளைங்கள பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். பின்கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது: அன்று டிப்பர் இறக்கிவிட்ட அதே வளைவில், செயின் அறுந்த மொபெட்டைத் தாத்தா தள்ளிக்கொண்டிருந்தார். பாப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். அப்பா போய் மொபெட்டின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ள, மூன்று பேருமாக வேனுக்குப் பக்கத்தில் வந்தார்கள். தாத்தா மூச்சு வாங்கியபடி நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? ரெண்டு வருசத்துக்கு முன்னால இந்த வளைவுல என்னைய எறக்குனது நீயா?"

அப்பா மொபெட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்த வளைவைத் திரும்பிப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குப் பட்டது. சொல்லுங்கப்பா என்று நானே கத்திவிடுவேன் போலிருந்தது.

"தெரியலைங்கய்யா" என்றார் அப்பா. "அந்த ரோட்லதான் ஓட்டுனேன். அப்பல்லாம் கண்ணாடியப் பாத்ததே இல்ல. பாத்திருந்தாதானே நானா இல்லையான்னு தெரியும்."

தாத்தா அவரையே பார்த்தார். வேனுக்குள் பதினெட்டுப் பிள்ளைகளும் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தன. பிறகு அவர் மொபெட்டைப் புளிய மரத்தில் சாய்த்து, பேத்தியின் பையை என்னிடம் நீட்டினார்.

"ஏத்துங்க. ஆனா நானும் வருவேன்."

வந்தார். கடைசி சீட்டில், மடங்காத காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டு, சோற்றுக்கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தார். ஒரு யு.கே.ஜி. பையன், "தாத்தா, நீங்க எந்த கிளாஸ்?" என்று கேட்டான். "பெயிலாப் போன கிளாஸு" என்றார். அப்பாவின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். வேலை மாறியபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாளிலிருந்து பாப்பா வேனில் வந்தாள். சரிபண்ணின மொபெட்டும் ஆள் ஏற்றாமல் பின்னாலேயே வந்தது. "என்ன இருந்தாலும் பாக்கணும்ல" என்றார் தாத்தா.  அப்பா கண்ணாடியை அந்த மொபெட் தெரிகிற மாதிரியே வைத்திருந்தார்.

மாதத்தின் கடைசி நாள் காலை. பாதி வழியில் அப்பா வேனை ஓரங்கட்டினார். "என்னப்பா?" என்றேன். "கண்ணாடியில காணோம்" என்றார். செயின் மறுபடி அறுந்திருக்கும் என்று இறங்கப் போனவரைப் பாப்பாதான் தடுத்தாள்.

"தாத்தா இனிமே வர மாட்டாங்க அங்கிள். தூங்கறாங்க."

அன்று தாளாளர் அம்மா வேன் வாசலில் நின்று தலையை எண்ணினார். பத்தொன்பது. "நாளைக்கும் வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் நிறுத்தத்தில் தாத்தா நடந்து வந்து காத்திருந்தார். பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு டிரைவர் ஜன்னலுக்கு வந்தார்.

"தம்பி, ஒன்னால எனக்கு எவ்ளோ செலவு தெரியுமா?"

"எவ்ளோங்கய்யா?"

"வேன் பீஸு எண்ணூறு மொதல்லயே கட்டியாச்சு. வேனுக்கும் கட்டிட்டு, வேனு பின்னாலேயே ஓட்டுனதுக்குப் பெட்ரோலு ரெண்டாயிரத்து நூறு. செயின் முந்நூத்தி நாப்பது." விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவின் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். "மூவாயிரத்து எரநூத்தி நாப்பது ரூவா."