தமிழரசி கடலில் போட்ட மாத்திரைகள்

தமிழரசி என்ற பெயரைச் சந்திரமதி முதன்முதலில் கேட்டது ஹட் பே தீவு ஜெட்டியில். கடைசித் தம்பி பாலகுமார் கப்பலை விட்டு இறங்கும்போதே, "அக்கா, பொண்ணு பேரு தமிழரசி! போர்ட் பிளேர் பத்துபஸ்தியில அவ சித்தப்பா வீட்டுல இருக்கா!" என்று கத்தினான். சுமைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

கல்யாணமாகி இருவரும் ஏழு வருடம் வாழ்ந்தார்கள். எச்.ஐ.வி. பாலகுமாரைக் கொண்டுபோனது. ஊருக்கு மஞ்சள்காமாலை என்றார்கள். தமிழரசிக்கும் அந்தக் கிருமி இருந்தது. ஒரு வருடமாகப் போர்ட் பிளேர் போய் மாத்திரை வாங்கி வந்தாள்.

ஒருமுறை சந்திரமதியும் துணைக்குப் போனாள். ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும் கப்பலில், தமிழரசி கம்பியோரம் நின்று மாத்திரை டப்பாவைக் கடலில் போடப் போனாள். சந்திரமதி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி பண்ற?"

"விடுங்க மதினி. இறங்குனதும் டவுன்ல இருந்து என்ன வந்துச்சுன்னு பத்துப் பேரு பையைத் தொறக்குறாங்க. இந்தத் தவாய், மாத்திரையெல்லாம் எதுக்குன்னு கேட்டா என்ன சொல்ல?"

"எத்தனை தடவை போட்ட?"

"எல்லாத் தடவையும். ஒண்ணுகூட முழுங்கல."

டப்பாவைப் பிடுங்கி மடியில் செருகினாள் சந்திரமதி. அன்றிலிருந்து கண்ணெதிரே விழுங்க வைத்தாள்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். "ரிப்போர்ட் வந்திருக்கு, நேர்ல வாங்க." பாலகுமாரையும் இப்படித்தான் கூப்பிட்டார்கள். கடல் கொந்தளித்து ஐந்து நாள் கப்பல் இல்லை. தமிழரசி ஒரு தும்மல் போட்டாலும் சந்திரமதிக்குச் சோறு இறங்கவில்லை.

"அன்னைக்குக் குடுத்த ரத்தத்துல கிருமி கண்ணுக்கே படல. மாத்திரை நல்லா கேக்குது," என்றார் ஆறாம் நாள் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்பழகன். "ஆனா எதிர்ப்பு அணு ஏன் குறையுதுன்னுதான் புரியல."

தமிழரசி தலை குனிந்தாள். அன்றுவரை அவள் ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை என்ற உண்மையைச் சந்திரமதி சொன்னாள்.

டாக்டர் ரிப்போர்ட்டை மறுபடி புரட்டிப் பார்த்தார். "அப்ப அடக்கி வெச்சது உங்க ரத்தம்தாம்மா. சில வெள்ளணுக்கள் கிருமி புகுந்த அணுவைத் தேடிப் பிடிச்சு அழிச்சிடும்; கிருமி பெருக முடியாது. மாத்திரையே இல்லாம இப்படி அடங்குறது ரொம்ப அபூர்வம். ஆனா அதுங்களுக்குத் துணை நிக்கிற அந்த எதிர்ப்பு அணுக்கள் குறைஞ்சுக்கிட்டே வருது. தனியா எத்தனை நாள் மல்லுக்கட்டும்?"

"இவ பொழைப்பாளா?"

"இனி ஒருநாளும் விடாம முழுங்கினா, நல்லாவே இருப்பாங்க."

திரும்பும் கப்பலில் டப்பா சந்திரமதியின் பையில் இருந்தது. ஜெட்டியில் சுமைக்காரன் ஒருவன் பையை எட்டிப் பார்த்தான். "என்னக்கா, இவ்வளவு தவாய்?"

"அரே, மூட்டுவலிடா! நீ வந்து கால் அமுக்குறியா?"

அவன் நழுவினான்.

தமிழரசி இப்போது ஹட் பேயில், சந்திரமதி வீட்டில் இருக்கிறாள்; மாத்திரையை ஒருநாளும் விடுவதில்லை.