பெயின்ட் ஒட்டாத இடம்

என் கணவர் இறந்த பதினாறாம் நாள், காரியம் முடிந்ததும் அவருடைய அக்கா எங்கள் அலமாரியைத் திறந்தார். சட்டை, கைலி, தலையணை எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் கட்டி வாசலில் வைத்தார். "போனவங்க சாமான் வீட்ல இருக்கக் கூடாதும்மா" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

சோபாவை மட்டும் அவரால் தூக்க முடியவில்லை. மூன்று பேர் உட்காரும் துணி சோபா. கிள்ளானில் எங்கள் வீட்டுக்கூடத்திலேயே கிடந்தது. கைப்பிடிகள் அழுக்கேறிக் கறுத்திருந்தன. ஜன்னல் பக்கம், சாய்மானத்தின் மேல் பெரிய தேங்காய் எண்ணெய்க் கறை. தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்ததும் அவர் அங்கேதான் தலை சாய்த்துத் தூங்குவார். "துண்டு போட்டுப் படுங்க" என்று இருபது வருடம் கத்தினேன். கேட்டதே இல்லை.

அவர் போன பிறகு, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அந்த இடத்தில் முகத்தை வைத்துக்கொள்வேன். எண்ணெயும் வியர்வையும் கலந்த வாடை. மற்றவர்களுக்கு அது நாற்றம். எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

வருடத் திதி முடிந்ததும் மகளுக்குச் சம்பந்தம் வந்தது. பூச்சோங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள்.

"அம்மா, இத பாத்தா என்ன நினைப்பாங்க? பேப்பர் லோரிக்குக் குடுத்துடலாம் லா" என்றாள் மகள்.

பழைய பேப்பர், பழைய சாமான் எடுக்கிற லோரி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு சனிக்கிழமைதோறும் எங்கள் தெருவுக்கு வரும்.

"குடுக்க முடியாது."

"புதுசு வாங்கித் தரேன்மா."

"நான் கேட்டேனா?"

இரண்டு நாள் சண்டை. கடைசியில் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினாள். ஒரு பெண் துணி சோபாவுக்குப் பெயின்ட் அடித்துப் புதிதுபோல ஆக்கிக்கொண்டிருந்தாள். "அடிச்சுப் பாருங்க. நல்லா வந்தா இருக்கட்டும். வரலன்னா சனிக்கிழம லோரி." ஒப்புக்கொண்டேன்.

ஹார்ட்வேர் கடைக்காரர் சிரித்தார். "சோபாவுக்குப் பெயின்ட்டா? செவுத்துக்குத்தான் கேப்பாங்க, அக்கா."

"இருக்கா இல்லையா, அத சொல்லுங்க."

இல்லை. ஷா ஆலமில் கைவினைச் சாமான் விற்கும் கடையில்தான் துணிக்கு அடிக்கிற பெயின்ட் கிடைத்தது. சாம்பல் நிறம்.

முதலில் துணியைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. கழுவினேன். காய்ந்ததும் பெயின்ட்டில் தண்ணீர் கலந்து, துணியை லேசாக நனைத்து, மெல்லிசாக அடித்தேன். அது காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடியும் அடித்தேன். முதுகு விட்டுப்போயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் சோபா முழுக்கச் சாம்பல் நிறம், ஜன்னல் பக்க மூலையைத் தவிர. அங்கே மட்டும் பெயின்ட் திட்டுத் திட்டாக விலகி நின்றது. உப்புத்தாள் பட்டதும் உரிந்து வந்தது. ஒரு தலை அளவுக்கு, பழைய துணி அப்படியே தெரிந்தது.

சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்து பார்த்தாள்.

"மத்ததெல்லாம் நல்லாதான் வந்திருக்கு. இங்க மட்டும் கழுவலையா?"

"கழுவினேன்." பொய். அந்த இடத்துக்கு வந்தபோது ஸ்பாஞ்சைக் கீழே போட்டுவிட்டேன்.

அவள் குனிந்தாள். எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு நிமிரவில்லை. கன்னத்தை அங்கே வைத்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே மண்டியிட்டிருந்தாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ? கழுவிடுன்னுதான சொல்லுவ."

அவள் எழுந்தாள். உள்ளே போய், துவைத்த துண்டு ஒன்றை எடுத்துவந்து அந்த இடத்தின் மேல் விரித்தாள். நான் இருபது வருடம் கத்திக் கேட்ட துண்டு.

சனிக்கிழமை லோரி கத்திக்கொண்டே வந்தது. இரண்டு பேரும் வெளியே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்ததும் நேராக ஜன்னல் பக்கம் போனார். காற்று வரும் இடம்.

"அங்க உக்காராதீங்க" என்றேன். என் குரலே எனக்குக் கரடுமுரடாகக் கேட்டது. அவர் அப்படியே நின்றுவிட்டார். சம்பந்தத்தை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மகள் சமையலறை வாசலில் காப்பித் தட்டோடு நின்றாள். "அது எங்க அப்பா எடம், அங்கிள்" என்றாள்.

அவர் துண்டைப் பார்த்தார். மறுமுனைக்குப் போய் உட்கார்ந்தார். பெயின்ட்டில் விறைத்துப்போன துணி அவருக்குக் கீழே மொறுமொறுவென்று சத்தம் போட்டது. யாரும் சிரிக்கவில்லை.

"எப்படிப்பட்ட மனுசன் அவரு?" என்று என்னைக் கேட்டார்.

"சொன்ன பேச்சு கேக்க மாட்டாரு" என்று ஆரம்பித்தேன்.