வேப்பிலையும் இளநீர்ப் பையும்

பிற்பகல் மூன்று பத்துக்கு, தினமும் வரும் இளநீர்க்காரரின் மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டு வாசலில் நிற்காமல் போனது.

உள்ளே ஐந்து வயது மகள் சின்னம்மையில் படுத்திருந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை. ஆறு மணிக்குள் எதுவும் குடிக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சட்டைக் கழுத்தில் தைத்த துணித்துண்டு உரசினாலே சுவரில் தலையை முட்டிக்கொள்பவள் அவள். கையில் ஊசியும் பிளாஸ்டரும் என்றால்?

கண்ணாடி டம்ளர் ஆகாது. சில்வர் டம்ளர் பல்லில் கூசும். கரண்டியைக் கண்டாலே அலறுவாள். இளநீர்க்காரர் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உறிஞ்சுகுழல் செருகி, ஓரத்தில் சிவப்புக் கயிற்றால் முடிந்து தருவது மட்டும் ஆகும். அன்று நானும் ஒரு பையை முடிந்து பார்த்தேன். மகள் முடிச்சை விரலால் தடவி, "இது இல்ல" என்று திரும்பிப் படுத்தாள். பாதித் தண்ணீர் என் மடியில்.

அப்படிக் காத்திருந்த மனிதர்தான் நிற்காமல் போகிறார்!

மனைவி கேட்டைப் பார்த்தாள். "கல்யாணத் தோரணம் மாதிரி வேப்பிலைய கட்டி வச்சா எப்படிங்க நிப்பாரு? அம்மை வீடுன்னு கும்பிட்டுட்டுப் போறாரு!"

விருந்தாளிகள் வரக்கூடாதென்று காலையில் அதைப் பெருமையாகக் கட்டியவன் நான்தான்.

ஓடினேன். செருப்பில்லை, அவிழும் கைலியை ஒரு கையால் பிடித்தபடி, "அண்ணே! இளநீ அண்ணே!" என்று எங்கள் ஜாலான் தெரு முழுக்கக் கத்தினேன். பஸ் நிறுத்தத்தில் நின்ற சீனக் கிழவி குடையைக் குறுக்கே நீட்டி அவரை மறித்தாள். மூச்சு வாங்கியது, அதோடு சிரிப்பும் பீறிட்டது. வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன்.

"பாப்பாவுக்கா?" என்று வண்டியைத் திருப்பினார்.

கேட்டருகே செருப்பைக் கழற்றி, வேப்பிலையைத் தொட்டுக் கும்பிட்டு, சன்னலுக்கு வெளியே நின்று பையை முடிந்து நீட்டினார். மகள் முடிச்சைத் தடவினாள். குழல் வாய்க்குள் போனது. பை மெல்லச் சுருங்கி, கடைசிச் சொட்டில் கர்ரென்றது.

மனைவி என் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினாள், அழுகையா சிரிப்பா தெரியவில்லை. நான் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டேன்.

இளநீர்க்காரர் அவசரமாக வேறுபக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "இன்னொரு பை நான் கட்டுறேன் சார். நீங்க மொதல்ல கைலிய கட்டுங்க லா!"