மலையடிவாரத்தில் நின்ற வண்டி

முருகனை நம்புகிறவர்களே, என் வாயாலேயே என் மனைவியைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் நான். அதைச் சொல்லாமல் அவன் செய்த உதவியைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

காங்கேயத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். பழைய பிக்கப் வண்டி ஒன்றை வைத்துத் தேங்காய் லோடு அடிக்கிறேன். மனைவி பழனாத்தாளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வெள்ளி பெருந்துறையில் டயாலிசிஸ். அந்த வண்டியில்தான் கூட்டிப்போவேன்.

போன ஆயுத பூஜை முடிந்த வாரம் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. அரை மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு இழுவை குறையும், உதறும், அணைந்துவிடும். சாவி போட்டால் உயிர் வரும், உடனே போகும். வெகுநேரம் நிறுத்திப்போட்டால்தான் கிளம்பும். மெக்கானிக் சின்னச்சாமி ஃபில்டரை மாற்றினான், பம்பைக் கழற்றினான், குழாய்களை ஊதினான். பட்டறையைச் சுற்றி ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. தோட்டத்திலிருந்து பக்கத்துக் களத்துக்குப் போகும் சின்ன லோடுகளிலும் நிற்காது. பெருந்துறை போகும்போது மட்டும், சென்னிமலை அடிவாரத்தில் வந்து நிற்கும்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். சின்னச்சாமியைத் திருடன் என்றேன். நாலாவது முறை நின்றபோது ஸ்டியரிங்கில் குத்திவிட்டு அவளைப் பார்த்துக் கத்தினேன்: "உன்னய ஏத்துனாத்தான் இந்தச் சனியன் நிக்குது!"

அவள் இறங்கி ஓரமாக நின்றுகொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, "இன்னைக்குச் சொகமா இருக்குதுங்க மாமா. நீங்க லோடுக்குப் போங்க" என்றாள். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னாள். நானும் நம்பினேன். இல்லை, பொய். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

புதன்கிழமை விடியும்போது கால்கள் பானையாக வீங்கியிருந்தன. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் திணறினாள்.

"ஏன் அம்மணி இப்படிப் பண்ணுன?"

"வண்டிதானுங்களே நமக்குச் சோறு போடுது. நான் ஏறி அதைக் கெடுக்கோணுமா?"

அந்தச் சொல் என்னைக் கொன்றுபோட்டது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். வேறு வண்டியும் கிடைக்கவில்லை. அவளைத் தூக்கி உட்காரவைத்துக் கிளப்பினேன். அடிவாரம் வந்தது. வண்டி நின்றது.

எதிரே முருகன் மலை. நான் கும்பிடவில்லை, அலறினேன். "முருகா! பேசுனது நானு. இவ என்ன பண்ணுனா? என்னையக் கொண்டு போ, இவள விட்டுரு." அவ்வளவுதான் என் வேண்டுதல். மீதியெல்லாம் அழுகை.

அவள் திணறிக்கொண்டே, "டீசல் இருக்குதான்னு... பாருங்க" என்றாள். டீசல் முள் வேலை செய்யாத வண்டி அது. டாங்கி மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது; டீசல் பாதிக்கு மேல் கிடந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஓடிப்போய்ச் சாவி போட்டேன். பிடித்துக்கொண்டது! மூடியைப் பழையபடி இறுக்கப் பயம். டாங்கி வாயில் ஒரு துணியைத் தளர்வாகச் செருகிவிட்டு ஓட்டினேன். பெருந்துறை வரைக்கும் நிற்கவில்லை. "இன்னும் அரை மணி போயிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க" என்றார் டாக்டர்.

மறுநாள் சின்னச்சாமி அந்த மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். டாங்கிக்குள் காற்றுப் போக அதில் ஓர் ஊசித் துளை உண்டாம். அது அடைத்துக்கொண்டால் வண்டி ஓட ஓட டீசல் வராதாம். குண்டூசியால் குத்தினான். மஞ்சளாக உதிர்ந்தது.

"ஏனுங்ண்ணா, சந்தனமுங்க இது. பூசுனது நீங்க, பேச்சு வாங்குனது நானும் அக்காளுமா?"

ஆயுத பூஜையன்று ஒரு இடம் விடாமல் அப்பியது இந்தக் கைதான். அவன் காலில் விழப் போனேன், தடுத்துவிட்டான். பழனாத்தாளிடம் ஆஸ்பத்திரியிலேயே மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க மாமா" என்றாள்.

இப்போது கிருத்திகைதோறும் படியேறுகிறேன். கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். உங்களுக்கும் கஷ்டம் வரும்போது அவனைக் கூப்பிடுங்கள். முறையாகக் கும்பிடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. என் அலறலையே கேட்டவன் உங்களை விட்டுவிடமாட்டான்.

வண்டி அதன்பிறகு ஒருநாளும் நிற்கவில்லை. ஆனால் இன்றும் செவ்வாய், வெள்ளிகளில் அவள் வண்டிப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். "ஏறட்டுங்களா?" என்று கேட்கிறாள். கேட்காமல் அவள் ஏறுகிற ஒரு நாள் வர வேண்டும். எனக்காக நீங்களும் அவனிடம் கேளுங்கள்.