கடையில் குளிர்காய்ந்தவர்கள்

வேலைக்காலம் முழுவதும் பஸ்ஸில் நின்றுகொண்டே இருந்துவிட்டு ஓய்வு பெற்ற கண்டக்டரம்மாவுக்கு, வீட்டில் எப்படி உட்காருவது என்று பிடிபடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாலும், அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போகிறவர் மாதிரி விளிம்பில்தான் உட்காருவார். அவருடைய கணவருக்கு அந்தத் தொல்லை இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆறு மாடி உயரத்தில், ஒரே ஒரு ஆள் கொள்ளும் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்தே சம்பளம் வாங்கியவர். அங்கே பேச்சுத் துணைக்குக் காற்றுதான் உண்டு. அதனால் தரைக்கு இறங்கிய பிறகும் அவர் அதிகம் பேசியதில்லை.

நாள் முழுக்க ஊரோடு பேசிய வாயும் யாரோடும் பேசாத வாயும் ஒரே வீட்டில் ஓய்வெடுத்தால் என்ன ஆகும் என்று இருவருமே யோசித்து வைத்திருக்கவில்லை. கண்டக்டரம்மா பேசுவார். கிரேன்காரர் "ம்" என்பார். கொஞ்ச நாளில் கண்டக்டரம்மாவும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சுவரோடு பேசினால்கூட எதிரொலி வரும் என்று தங்கையிடம் போனில் சொன்னதோடு சரி.

அப்போதுதான் குளிர்காலம் வந்தது. அவர்கள் இருந்தது அடுக்குமாடியின் தரைத்தளம். எதிர்க் கட்டடத்தின் நிழல் காலையில் ஹாலுக்குள் வந்தால் சாயங்காலம் வரை விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒருநாள் கிரேன்காரர் இரண்டு ஜோடி சாக்ஸுக்கு மேல் மூன்றாவதை மாட்டிக்கொண்டே, "கால் ஐஸ் மாதிரி இருக்கு. பழைய ஹீட்டர் திரைச்சீலையைக் கருக்கிடுச்சு. வேற ஏதாவது பாக்கணும்" என்றார்.

அந்த மாதத்திலேயே அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். கண்டக்டரம்மா அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்.

வீட்டில் புகைபோக்கி கிடையாது. விறகு எரிக்கக் கட்டடத்தில் அனுமதியும் கிடையாது. மின்சாரக் கணப்புதான் வழி என்று தங்கை சொன்னாள். நெருப்பு மாதிரி தெரியும், ஆனால் நெருப்பு இருக்காது. சூடு மட்டும் வரும். கண்டக்டரம்மா பஸ் ஏறி, இப்படிப்பட்ட சாமான்கள் விற்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் நாற்பது வயதைத் தாண்டியவர். சிரித்தால் அதற்கும் ரசீது போட வேண்டியிருக்குமோ என்று பயப்படுகிற முகம்.

"என்ன மாதிரி வேணும்மா?"

"என்னென்ன மாதிரி இருக்கு தம்பி?"

அவர் வரிசையாகக் காட்டினார். படம் மாட்டுவதைப் போலச் சுவரில் மாட்டுவது. சுவரைக் குடைந்து உள்ளே பதிப்பது. மரச்சட்டமும் மேல்பலகையுமாக ஒரு பக்கச் சுவரையே அடைத்துக்கொண்டு நிற்பது. பழைய கணப்புக் குழி இருக்கிற வீட்டில் அதற்குள் செருகி வைப்பது. கடைசியாக, நாலு குட்டைக் கால்களோடு, எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளும் கறுப்பு அடுப்பு மாதிரி ஒன்று.

"இதுல எது நல்லா சூடு குடுக்கும்?"

"எல்லாம் ஒரே சூடுதாம்மா. எல்லாத்துக்கும் ஒரே வாட்ஸ்தான்."

"அப்ப விலை மட்டும் ஏன் வேற வேற?"

"நெருப்பு வித்தியாசம்."

"நெருப்புதான் இல்லையே தம்பி."

"ஆமாம்மா. இல்லாத நெருப்பு எவ்வளவு நல்லா இருக்கோ, அவ்வளவு விலை."

இந்த பதில் கண்டக்டரம்மாவுக்குப் பிடித்திருந்தது. உண்மை பேசுகிற கடை என்று முடிவு செய்து, மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

ஒவ்வொரு கணப்பின் எதிரிலும் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். காதை வைத்து விசிறிச் சத்தம் கேட்டார். சுவரில் மாட்டுவதில் ஒன்றுக்குச் சூடு மேல் பக்கமாக வந்தது. அதன் மேலே டிவி மாட்டினால் டிவிக்குத்தான் குளிர் விடும். இன்னொன்றுக்கு முன்பக்கமாக வந்தது. ஆனால் உயரத்தில் இருந்ததால் காது சுட்டது, கால் சுடவில்லை. பளபளவென்று கண்ணாடி வைத்ததை ஜன்னலுக்கு எதிரில் வைத்தால் நெருப்புக்குப் பதில் தெருதான் தெரிந்தது. மரச்சட்டம் வைத்தது அவர் மனதுக்கு மிகவும் பிடித்துப்போனது. அதை வைத்தால் ஹாலில் சோபாவை எடுக்க வேண்டும். சோபாவை எடுத்தால் கணப்பின் முன்னால் உட்கார இடமிருக்காது. இதை அவர் வெகுநேரம் யோசித்தார்.

கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார். "எப்பம்மா வாங்கறதா உத்தேசம்?"

"ஆழம் தெரியாம காலை விடக் கூடாது தம்பி."

"நீங்க காலைக் காய வைக்கத்தானே வந்தீங்க?"

கண்டக்டரம்மா முக்காலியை அடுத்த கணப்பின் எதிரே நகர்த்தினார். கடையில் ஆள் நடமாட்டம் இருந்தது. மழைக்கு ஒதுங்கியவர்கள், விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள், கணவன் மனைவிச் சண்டையைக் கடைக்குள் வந்து முடிக்கிறவர்கள். எல்லோரையும் அவர் கவனித்துக்கொண்டிருந்தார். தன் கால் சூடானதையே அவர் மறந்துபோகிற நாட்கள் இருந்தன.

முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் கடை ஆள் என்றுதானே யாருக்கும் தோன்றும்? புதிதாக வீடு மாறிய ஒரு இளம் ஜோடி நேராக அவரிடமே வந்தது. சுவருக்குள் பதிக்கும் கணப்பு வேண்டும், அதுவும் இருப்பதிலேயே அகலமானது.

"எந்தச் சுவர்ல வைக்கப் போறீங்க?" என்றார் கண்டக்டரம்மா.

"ஹால் சுவர் மேடம்" என்றான் கணவன்.

"அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வீட்டுக்குப் போய் தட்டிப் பாத்துட்டு வாங்க. செங்கல்லா, பலகையான்னு தெரியணும். பலகையா இருந்தா குடைஞ்சு பதிக்க முடியாது. பக்கத்துலயே பிளக் இருக்கான்னும் பாருங்க. நீட்டு ஒயர் போட்டு இழுத்தா ஒயர்தான் முதல்ல எரியும்."

பில் போடப் பேனாவைத் திறந்திருந்த கடைக்காரர் அதை மூடினார். ஜோடி நன்றி சொல்லிவிட்டு வெறும் கையோடு போனது.

"ஏம்மா, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

"அவங்க வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டு வந்திருப்பாங்க தம்பி."

"திருப்பிக் கொண்டு வந்தா அப்ப பாத்துக்குவேன். நீங்க இனிமே வாங்கறதா இருந்தா மட்டும் வாங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்கிறவர்களைத் தன் கையாலேயே இறக்கிவிட்டவர் கண்டக்டரம்மா. காசு கொடுக்காமல் தினமும் குளிர்காய்ந்தவர் யார் என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. முக்காலியை அதன் இடத்தில் வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டிலேயே இருந்தார். துடைத்த ஜன்னலைத் திரும்பத் துடைத்தார். மசாலா டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி, பிறகு நிறவாரியாக மாற்றி அடுக்கினார். தங்கை போன் செய்தபோது தலைவலி என்றார். ஒரு மத்தியானம், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கிரேன்காரர் கேட்டார்.

"கடைக்குப் போகலியா?"

"வர வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

"வாங்காம உக்காந்திருக்கேனாம்."

செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது. "நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு நாள் பாக்கல."

"அப்ப எனக்கு விவரம் பத்தல."

கிரேன்காரர் எழுந்து சாக்ஸை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, ஷூவுக்குள் காலை நுழைக்க முடியாமல், ஒரு ஜோடியைக் கழற்றினார். "வா, வாங்கிட்டு வந்துடலாம்" என்றார்.

கடைக்காரர் இருவரையும் பார்த்ததும், ஒருவர் போய் இருவராகிவிட்டார்களே என்று ஒரு நொடி கலங்கினார். கண்டக்டரம்மா கணவருக்கு ஒவ்வொன்றாகக் காட்டி, நல்லதையும் கெட்டதையும் சொல்லிக்கொண்டே போனார். மரச்சட்டத்தின் முன் மட்டும் கெட்டதைச் சொல்ல மறந்துவிட்டார். கிரேன்காரர் கை கட்டிக் கேட்டார். கடைசியில் அந்தக் கறுப்பு அடுப்பு மாதிரியான சின்னதின் முன்னால், விலைச்சீட்டு தொங்கிய ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கால்களை நீட்டினார். சூடு தரையோடு வந்தது. நேராகப் பாதத்துக்கு வந்தது.

"எப்படி இருக்குங்க?" என்று கண்டக்டரம்மா திரும்பியபோது அவர் தூங்கிப்போயிருந்தார்.

அது சும்மா கண்ணயர்வு இல்லை. வாய் லேசாகத் திறந்து, கிரேன் இறங்குகிற மாதிரி ஒரே சீராகக் குறட்டை வந்தது. எழுப்பக் கண்டக்டரம்மாவுக்கு மனம் வரவில்லை. கடைக்காரருக்கு எப்படி எழுப்புவது என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து இளம் ஜோடி திரும்பி வந்தது.

"தட்டிப் பாத்தோம் மேடம்" என்றாள் மனைவி. "பக்கத்து வீட்டுக்காரர், கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வாங்கன்னாரு."

"பலகை" என்றார் கண்டக்டரம்மா.

"பலகையேதான். வேற என்ன வாங்கலாம்?"

கண்டக்டரம்மா கடைக்காரரைப் பார்த்தார். வாங்குவதாக இருந்தால் மட்டும்தான் வரச் சொல்லியிருந்தார். பேசலாமா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் கணவன் தூங்குகிறவரைப் பார்த்துவிட்டான். அவர் முகத்தையும் பார்த்தான், எதிரில் எரிவதையும் பார்த்தான். "சார் எதிர்ல இருக்கே, அது குடுங்க" என்றான்.

அவர்களுக்குப் பின்னால் வந்த ஒரு பல் டாக்டரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அதையே கேட்டார். கிரேன்காரர் ஒருமுறை புரண்டார். கடைக்காரர் ஓடிப்போய், கதவு அறைந்து சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு அட்டையை மடித்துச் செருகினார்.

கூட்டம் போன பிறகு அவர் கண்டக்டரம்மாவைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். அங்கே போன குளிர்காலத்தில் திரும்பி வந்த பெட்டிகள் கூரை வரை இருந்தன. பாதிக்கு மேல் சுவருக்குள் பதிக்கிறவை.

"நீங்க அன்னிக்குச் சொன்னது சரிதாம்மா" என்றார். சொல்வதற்குக் கஷ்டப்பட்டார் என்பது தெரிந்தது. "காலையில மட்டும் வாங்க. சம்பளம் குடுக்கறேன்."

"நின்னுகிட்டேதான் வேலை பாப்பேன். எனக்கு அந்த முக்காலி வேணாம்."

"சரிம்மா. சார் தினமும் வருவாரா?"

"வர மாட்டார். அவருக்குக் கூட்டம் ஆகாது."

கடைக்காரர் மனதார வருத்தப்பட்டார்.

அன்றைக்கே அந்தக் கறுப்புக் கணப்பை வாங்கிவிட்டார்கள். மரச்சட்டத்தைக் கண்டக்டரம்மா ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வீட்டில் சோபாவுக்கு எதிரில் வைத்து, சுவர் பிளக்கில் நேராக மாட்டி, போட்டுவிட்டு நிமிர்ந்தார். ஆரஞ்சு நிறத்தில் கொழுந்துகள் எழும்பின. அடியில் விறகுகூடக் கனன்றுகொண்டிருக்கிற மாதிரி இருந்தது. கிரேன்காரர் பார்த்தார். குனிந்து, பக்கத்தில் இருந்த ஒரு பட்டனை அமுக்கினார். நெருப்பு அணைந்துவிட்டது, சூடு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"கண்ணு கூசுது. பேப்பர் படிக்க முடியல."

"இத்தனை நாள் பாத்துப் பாத்து எடுத்தது அந்த நெருப்பைத்தாங்க."

"சூடு வருதில்ல."

இதில் சண்டை போட ஒன்றும் இல்லை. அவர் வாங்கச் சொன்னது சூடுதான்.

கண்டக்டரம்மா காலையில் கடைக்குப் போகிறார். மத்தியானம் வந்ததும் யார் வந்தார்கள், யார் சுவரை அளக்காமல் வந்தார்கள், எந்தப் புருஷன் எதற்குக் கோபித்துக்கொண்டு தெருவில் போய் நின்றான் என்று சொல்ல ஆரம்பிக்கிறார். கிரேன்காரர் கணப்புக்கு நேரே காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தூங்கிவிட்டார் என்று நினைத்து கண்டக்டரம்மா நிறுத்தினால், "அப்புறம்?" என்று ஒரு குரல் வரும். சாயங்காலம் கிரேன்காரர் குளிக்கப் போகும்போது கண்டக்டரம்மா சூட்டை அணைத்துவிட்டு நெருப்பை மட்டும் போட்டு, சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பார். குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் மாற்றிவிடுவார்.